கோட் 148-ஆ, 250-ஆ? கூப்பு ரயில் மாடலுக்குச் சிறு தண்டவாளம் தேர்வு செய்யும் வழி

மலைக்காட்டில் மரம் வெட்டி இழுத்துவரும் கூப்பு ரயிலை 45 மி.மீ. தடத்தில் மாடலாகக் கட்ட நினைப்பவர்களுக்கு இது. ஷே, கிளைமாக்ஸ், ஹைஸ்லர் மாதிரிப் பல்சக்கர எஞ்சின் ஒன்றை வாங்கியாகிவிட்டது, நாலு மரவண்டியும் இருக்கிறது, எஞ்சினோடு வந்த தடித்த பித்தளைத் தண்டவாளத்தைப் பார்த்தால் மட்டும் காட்டு ரயில் மாதிரியே இல்லை என்ற கட்டத்தில் பலரும் இறங்குகிற வேலைதான் சிறு தண்டவாளம். பணம் வீணாவதும் இங்கேதான். கண்ணுக்குப் பிடித்த உயரத்தை முதலில் வாங்கிவிட்டு, அதில் வண்டி ஓடுமா என்று பிறகு பார்ப்பார்கள். வரிசையை மாற்றிப் போட்டால் பாதிச் சிக்கல் வராது: முதலில் சக்கரம், பிறகு இடம், கடைசியில்தான் கண்.

1. கோட் எண்ணை நிஜத் தண்டவாளமாக மாற்றிப் பாருங்கள்

கோட் என்பது தண்டவாளக் கம்பியின் உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். கோட் 100 என்றால் 0.100 அங்குலம், அதாவது 2.54 மி.மீ. கோட் 148 என்றால் 3.76 மி.மீ. கோட் 250 என்றால் 6.35 மி.மீ. எஞ்சினோடு பெட்டியில் வரும் எல்.ஜி.பி. (தோட்ட ரயில் பிராண்ட்) வகைத் தண்டவாளம் கோட் 332, உயரம் 8.43 மி.மீ.

இந்த எண்ணை உங்கள் அளவுகோலால் பெருக்குங்கள். மூன்றடி கேஜ் அமெரிக்கக் காட்டு ரயில் என்றால் 1:20.3. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு இறக்கிய கொச்சி டிராம்வே போல மீட்டர் கேஜ் என்றால் 1:22.5. இரண்டுக்கும் தடம் ஒன்றே, 45 மி.மீ. கம்பி மட்டும் ஒன்றல்ல.

1:20.3 அளவில், கெஜத்துக்கு இத்தனை ராத்தல் (பவுண்டு) எடை என்ற பழைய கணக்கில் கிடைப்பது இது:

கோட் 100: 2 அங்குலம், 12 ராத்தல் கம்பி. கைவண்டித் தள்ளுபாதைக்குச் சரி, எஞ்சினுக்கு அல்ல.
கோட் 125: இரண்டரை அங்குலம், 16-க்கும் 20-க்கும் இடையில்.
கோட் 148: 3 அங்குலம், 25-க்கும் 30-க்கும் இடையில். கூப்புக் கிளைப்பாதைக்கு அளவெடுத்துத் தைத்தது போல.
கோட் 172: மூன்றரை அங்குலம், 40 ராத்தல். காட்டு ரயிலின் முதன்மைப் பாதை.
கோட் 200, 215: 4 அங்குலத்துக்குச் சற்று மேல், 55 முதல் 65 வரை.
கோட் 250: 5 அங்குலம், 80 ராத்தல்.
கோட் 332: 6.7 அங்குலம். 100 ராத்தல் கம்பியையும் தாண்டிய கனம். இதன் மேல் ஷே ஓடுவது, வாய்க்கால் வரப்பில் நாலுவழிச்சாலை போட்ட மாதிரி.

1:22.5-இல் ஒவ்வொன்றும் ஒரு படி கனமாகத் தெரியும். அங்கே கோட் 148 என்பது 35 ராத்தலுக்குச் சமம், கோட் 172 என்பது 50 ராத்தலுக்கு. ஆகவே மீட்டர் கேஜ்காரர்கள் கோட் 125-ஐயும் பரிசீலிக்கலாம். நிஜ மீட்டர் கேஜ் ரயில்வேயில் 60 ராத்தல் கம்பி சகஜம் என்ற நினைவில் கனமாக எடுத்துவிடாதீர்கள். அது பயணிகள் ரயில் பாதை.

பட்டியலைப் பார்த்து இப்போதே முடிவுக்கு வர வேண்டாம். அடுத்த படி பாதியை அடித்துவிடும்.

2. சக்கர விளிம்பை அளந்து பாருங்கள்

வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சாதாரண டிஜிட்டல் காலிப்பர் போதும். அதன் பின்முனை ஆழ அளவியால், சக்கரம் கம்பியில் உருளும் பரப்பிலிருந்து விளிம்பின் (சக்கரத்தின் உள் ஓரத்தில் கம்பிக்குக் கீழே இறங்கும் வளையம்) நுனி வரை எத்தனை மி.மீ. என்று பாருங்கள். எஞ்சின், பெட்டி, மரவண்டி எல்லாவற்றிலும் ஒவ்வொரு சக்கரமாக அளந்து எழுதுங்கள். ஒரே கம்பெனி வண்டிகளிலேயே எஞ்சினுக்கு ஒரு அளவும் பெட்டிக்கு வேறு அளவும் இருக்கும். பொம்மை ரயில் வழியில் வந்த ஆழமான விளிம்பு 3 மி.மீ. வரை போகும். நுணுக்க வேலைச் சக்கரத்தில் 2 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு.

இப்போது கம்பியின் பக்கம். முழு உயரமும் விளிம்புக்குக் கிடைக்காது. கம்பியின் அடிப்பாதத்தைக் கட்டையோடு (ஸ்லீப்பர்) பிடிக்கிற ஆணித்தலை உள்பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். கோட் 148-இல் பாதத்தின் ஓரம் ஏறக்குறைய 0.6 மி.மீ., ஆணித்தலை 0.7 மி.மீ. ஆக 1.3 மி.மீ. போய்விட்டது. 3.76-இல் மீதி 2.46 மி.மீ. இரண்டு மி.மீ. விளிம்பு தட்டாமல் போகும். மூன்று மி.மீ. விளிம்பு ஒவ்வொரு ஆணித்தலையிலும் ஏறி இறங்கும். டக் டக் என்று சத்தம் வரும், கொஞ்ச நாளில் ஆணி மேலே கிளம்பிவிடும். கோட் 100-இல் நிலைமை இன்னும் மோசம். கம்பியே 2.54 மி.மீ. என்பதால் மூன்று மி.மீ. விளிம்பு நேராகக் கட்டையின் மேலேயே உருளும்.

கணக்கு இப்படி: கம்பி உயரத்திலிருந்து பாத ஓரத்தின் கனத்தையும், ஆணித்தலை உயரத்தையும், தூசிக்கும் தேய்மானத்துக்கும் அரை மி.மீ.யையும் கழியுங்கள். மிச்சம் உங்களிடமுள்ள மிக ஆழமான விளிம்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். கோட் 148-க்கு இது 1.96 மி.மீ. வருகிறது. அதாவது 2 மி.மீ. விளிம்பே விளிம்பில்தான் நிற்கிறது.

விளிம்பு அதிகமாக இருந்தால் மூன்று வழி. உலோகச் சக்கரத்தை லேத் பட்டறையில் கொடுத்து விளிம்பை 1.8 மி.மீ.க்குக் கடைந்து வாங்கலாம். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சியில் இதைச் செய்யாத லேத் இல்லை. ஆனால் பட்டறைக்காரரிடம் "உருளும் பரப்பைத் தொடாதீங்க, விளிம்பின் நுனியை மட்டும் எடுங்க" என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொடுங்கள். வாயால் சொன்னால் சக்கரமே சிறுத்து வரும். நுனியைக் கூராக விடாமல் உருட்டித் தரச் சொல்லவும் மறக்காதீர்கள்; கூர் விளிம்பு இணைப்பில் மேலேறும். பிளாஸ்டிக் சக்கரம் லேத்தில் உருகும், அதை மாற்றிவிடுவதே நல்லது. இரண்டாவது வழி, உள்பக்க ஆணியைக் குறைப்பது. நாலு கட்டைக்கு ஒன்றில் மட்டும் உள்ளே ஆணி, மற்றவற்றில் வெளியே மட்டும். காட்சிக்கு நிற்கிற பாதைக்கு இது போதும், தினமும் ஓடுகிற பாதைக்குப் போதாது. மூன்றாவது வழி, கோட் 172-க்கோ 200-க்கோ ஏறிவிடுவது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டைகளை நெருக்கிப் போட்டு, கம்பியைக் கறுப்பாக்கிவிட்டால் ஒரு கையளவு தூரத்தில் 172-க்கும் 148-க்கும் வித்தியாசம் சொல்பவர்கள் குறைவு.

ஒன்றை மட்டும் மறைக்க முடியாது: விளிம்பு குறையக் குறைய தடம் ஒழுங்காக இருந்தாக வேண்டும். மூன்று மி.மீ. விளிம்பு மன்னித்துவிடுகிற பள்ளத்தை ஒன்றே முக்கால் மி.மீ. மன்னிக்காது.

3. எங்கே போடப் போகிறீர்கள்?

டெல்டாவில் இந்தக் கேள்விக்கு மற்ற ஊர்களைவிட எடை அதிகம். நம் களிமண் மழையில் உப்பி, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண். அதன் மேல் நேரடியாகப் போட்ட சிறு கம்பி ஒரு போகத்துக்குக்கூட நேராக இருக்காது.

கம்பியின் விறைப்பு உயரத்தின் நான்காம் அடுக்காகக் கூடும். கோட் 250, கோட் 148-ஐவிட எட்டு மடங்கு விறைப்பு. கோட் 332 இருபத்தைந்து மடங்கு. பெட்டியில் வந்த தண்டவாளத்தை மிதித்தால் ஒன்றும் ஆகாததும், கோட் 148-ஐ நாய் ஒருமுறை தாண்டினாலே வளைவதும் இதனால்தான். தென்னை மட்டை விழும் இடம், மயில் இறங்கும் தோட்டம், பிள்ளைகள் ஓடும் முற்றம் ஆகிய மூன்றிலும் கோட் 215-க்குக் கீழே போக வேண்டாம்.

சிறு கம்பிக்கு ஏற்றது இடுப்பளவு உயர்த்திய மேடை: திண்ணை ஓரம், மொட்டை மாடியில் கூரை போட்ட பகுதி, அல்லது வீட்டுக்குள். அடிப்பலகையாக மரைன் பிளைவுட் அல்லது சிமென்ட் போர்டு. சாதாரணப் பிளைவுட்டை கரையானும் ஐப்பசி ஈரமும் பங்கு போட்டுக்கொள்ளும். மேடையின் கால் தரையில் படும் இடத்தில் எண்ணெய் ஊற்றிய கிண்ணம் வைக்கும் பழைய வழக்கம் எறும்புக்கு மட்டுமல்ல, கரையான் மண்பாதை எழும்பினால் உடனே கண்ணில் படுவதற்கும் உதவும்.

வெளியேதான் வேண்டும், சிறு கம்பியும் வேண்டும் என்றால், தோட்டம் முழுவதும் கோட் 250-இல் போட்டு, எட்டிப் பார்க்கிற தூரத்தில் உள்ள கூப்புக் கிளையை மட்டும் கோட் 148-இல் போடுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் 2.6 மி.மீ. உயர வித்தியாசம் வரும். சிறு கம்பியின் கட்டைகளுக்குக் கீழே அந்தக் கனத்துக்குப் பட்டை வைத்து உயர்த்துங்கள். கம்பிகளின் தலைப்பாகமும் உள் ஓரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அடிப்பாகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

4. எந்த உலோகம்?

பெரும்பாலும் கிடைப்பது மூன்று. பித்தளை சீக்கிரம் பழுப்பேறும், ஈயப் பற்று நன்றாகப் பிடிக்கும், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அலுமினியம் விலை குறைவு, ஆனால் ஈயம் ஒட்டாது, மேல்படலம் மின்சாரத்தைத் தடுக்கும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் இரும்பு ஆணி தொட்ட இடம் அரிக்கும். மூன்றாவது நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, துத்தநாகம், நிக்கல். சிறு கோட்களில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான்.

கம்பி வழியாகவே எஞ்சினுக்கு மின்சாரம் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிக்கல் சில்வர் பித்தளையைவிட நாலைந்து மடங்கு தடை கூடியது, கம்பியும் சிறியது. கோட் 148 நிக்கல் சில்வரில் மீட்டருக்கு 0.06 ஓம் அளவில் வரும். பத்து மீட்டர் போய்த் திரும்பினால் 1.2 ஓம், 2 ஆம்பியர் இழுக்கும் எஞ்சினுக்கு இரண்டரை வோல்ட் வழியிலேயே போயிற்று. இரண்டு மீட்டருக்கு ஒரு இடத்தில் அடியிலிருந்து ஒயர் இழுத்து ஈயம் வைத்தே ஆக வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் எஞ்சினுக்குள்ளோ பின்வண்டியிலோ பேட்டரி வைத்து ரேடியோவில் ஓட்டுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பேட்டரிதான் சரி. கம்பியைத் துடைக்கிற வேலையும் மிச்சம்.

ஊர்ப் பட்டறையில் கம்பியையே வார்த்துவிடலாமே என்று தோன்றும், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகத் தோன்றும். வார்ப்பு இதற்கு ஆகாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு மூன்றே முக்கால் மி.மீ. உயரத்தை ஒரே சீராக வார்க்க முடியாது. இழுத்து உருவாக்கிய கம்பிதான் வேண்டும்.

5. முழு ஆர்டருக்கு முன் மாதிரிக்கு ஒன்று

கோட் 148 என்பது நம்முடையதைவிடச் சிறிய ஓ அளவு மாடல்காரர்களின் கம்பி, கோட் 100 என்பது அதைவிடவும் சிறிய எச்.ஓ., ஓ.ஓ. அளவுக்காரர்களின் கம்பி. அதனால் உள்நாட்டு ஹாபி கடைகளில் கோட் 100 நெகிழ்தண்டவாளம் கிடைக்கும். ஒரு துண்டு வாங்கிப் பிளாஸ்டிக் கட்டையிலிருந்து கம்பியை உருவி எடுத்து, தேக்குத் துண்டுகளில் ஆணியடித்து, மேலே மரவண்டியைத் தள்ளிப் பாருங்கள். சிறு கம்பியோடு வேலை செய்வது எப்படி என்று கை தெரிந்துகொள்ளும். பிடிக்கவில்லையென்றால் ஒரு துண்டோடு நஷ்டம் போகட்டும்.

இங்கே ஒரு பொறி. பிரிட்டிஷ் ஓ அளவுக் கம்பிகளில் கோட் 124 என்று ஒன்று வரும். எண்ணைப் பார்த்தால் 125-க்குப் பக்கம்தானே என்று வாங்கிவிடுவார்கள். அது மேலும் கீழும் ஒரே மாதிரி உருண்ட காளைத்தலைக் கம்பி. தட்டையான பாதம் கிடையாது, ஆணி அடித்தால் நிற்காது, தனிக் கிண்ணிகளில்தான் உட்காரும். காட்டு ரயிலுக்கு உங்களுக்கு வேண்டியது தட்டைப்பாதக் கம்பி. பெக்கோ என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் ஓ அளவுக்கே கோட் 143 தட்டைப்பாதமும் இருக்கிறது. ஆர்டரில் கோட் எண்ணோடு 'ஃபிளாட் பாட்டம்' என்ற சொல்லையும் பார்த்துவிடுங்கள்.

6. எவ்வளவு வேண்டும்

பத்து மீட்டர் தடத்தை வைத்துக் கணக்கிடுவோம். கம்பி 20 மீட்டர், வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 22 மீட்டர். மூன்றடித் துண்டு 914 மி.மீ., ஆக 25 துண்டுகள். கோட் 148 நிக்கல் சில்வர் மீட்டருக்குச் சுமார் 40 கிராம் என்பதால் மொத்தம் ஒரு கிலோவுக்குள். கோட் 250 பித்தளையென்றால் மீட்டருக்கு 100 கிராமைத் தாண்டும், இரண்டே கால் கிலோ.

கட்டை 25 மி.மீ. இடைவெளியில் 400. ஒவ்வொன்றும் 95 மி.மீ. நீளம், 9 அகலம், 8 உயரம். கட்டைக்கு நாலு ஆணி என்றால் 1,600. கால் கன அடித் தேக்குக்குள் எல்லாக் கட்டையும் முடிந்துவிடும், ரம்பம் தின்கிற தூளையும் சேர்த்து.

7. வரவழைப்பது: ஆவணம், தீர்வை, பெயர்

சிறு கோட் கம்பியை நீளமாக, மொத்தமாக வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரும். ஆறடித் துண்டு கேட்காதீர்கள். சாதாரண அஞ்சல் பார்சலில் ஆறடி ஏறாது, தனிச் சரக்காக அனுப்பினால் கட்டணம் கம்பி விலையைத் தாண்டும். மூன்றடித் துண்டு கேளுங்கள். கெட்டி அட்டைக்குழாய் போதாது, பி.வி.சி. குழாயில் அல்லது மரப்பட்டை வைத்துக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். வளைந்து வந்த சிறு கம்பியை நிமிர்த்துவது கோணிய ஊசியை நிமிர்த்துவது போல. நிமிரும், ஆனால் தெரியும்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: ஆதார், பான், விற்பவரின் இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான வங்கி ரசீது. கூரியர் கம்பெனி கே.ஒய்.சி. கேட்டுக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பும். அதற்கு அன்றே பதில் போடுங்கள், தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும். சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க இறக்குமதியாளர் குறியீட்டு எண் தேவையில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தடுமாற்றம் பெயர். ஆதாரில் முன்னெழுத்து முன்னால், பானில் அப்பா பெயர் விரிவாக, ஆர்டரில் முன்னெழுத்தே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால் பார்சல் நின்றுவிடும். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆர்டரில் எழுதுங்கள். முகவரியும் அப்படியே. கிராமத்து முகவரிக்குக் கூரியர் நேரே வராது. டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டைக் கொடுப்பதானால், பெறுபவர் பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வந்திருக்கும். வங்கி ஆப்பில் திறந்து, வரம்பு வைத்து, பணம் கட்டியதும் மறுபடி மூடுங்கள். நாணய மாற்றுக்கு வங்கி எடுக்கும் மார்க்கப்பும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் செலவுக் கணக்கில் சேரும்.

தீர்வை கம்பியின் விலை மேல் மட்டும் அல்ல. பொருள் விலை, சரக்கு, காப்பீடு மூன்றும் சேர்ந்த மதிப்பின் மேல் அடிப்படைத் தீர்வை, அந்தத் தீர்வையின் மேல் சமூக நலக் கூடுதல் வரி, எல்லாம் கூட்டியதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. விமானத்தில் வரும் சரக்குக்கு, 2007 மதிப்பீட்டு விதிகளின்படி, பொருள் விலையின் 20 சதவீதத்துக்கு மேல் சரக்குக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது. கம்பி 8,000 ரூபாய், அனுப்பக் கட்டியது 4,000 என்றால் தீர்வைக் கணக்கில் சேரவேண்டியது 1,600-தான். பில்லில் முழு 4,000 ஏறியிருந்தால் கூரியரிடம் கேளுங்கள். விகிதங்கள் பிப்ரவரி பட்ஜெட்டில் அடிக்கடி மாறுவதால், ஆர்டர் போடும் நாளில் சுங்கத்துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கூரியர் முன்கூட்டித் தீர்வை கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும்போது கையாளும் கட்டணம் ஒன்றும் வைக்கும்.

இன்வாய்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் பாதி விதி இருக்கிறது. 'டாய் டிரெய்ன் டிராக்' என்று எழுதினால் பொம்மைத் தலைப்புக்குப் போகக்கூடும். பொம்மைக்கான அடிப்படைத் தீர்வை 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாகவும் 2023-இல் 70 ஆகவும் ஏறியது; 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரைக் கேள்வியும் உண்டு. உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்: செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவைக் கம்பி, இத்தனை துண்டு, இத்தனை நீளம், இத்தனை எடை, பெரியவர்களின் அளவு மாடலுக்கு. எந்தத் தலைப்பு என்பதைச் சுங்க அதிகாரி முடிவு செய்வார், ஆனால் தெளிவான விவரம் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. 'நிக்கல் சில்வர்' என்று மட்டும் எழுதினால் 'சில்வர்' என்ற ஒரு சொல்லுக்காக விளக்கம் கேட்டு ஒரு வாரம் போகும்.

'கிஃப்ட்' என்று போடச் சொல்லாதீர்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரோடு போயிற்று. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு. விலையைக் குறைத்துப் போடச் சொல்வதும் வேண்டாம். மாட்டினால் கம்பியும் போகும், அபராதமும் வரும்.

8. கட்டையும் ஆணியும்

தேக்கு அறுவை மில்லில் விழும் துண்டுகள் போதும். வைரம் பாய்ந்த பகுதியாகக் கேளுங்கள், வெளுத்த ஓரப்பகுதியைக் கரையான் விடாது. ஆசாரியிடம் பட்டையாக 9-க்கு 8 மி.மீ. கிழித்து வாங்கி, நீளத்தை நீங்களே வெட்டுங்கள். எல்லாம் ஒரே 95 மி.மீ. வேண்டாம், 90 முதல் 105 வரை கலந்து வரட்டும். காட்டுப் பாதையில் யாரும் கட்டையை அளந்து வெட்டியதில்லை. உயரம் மட்டும் எல்லாவற்றிலும் சரியாக 8-ஆக இருக்க வேண்டும். அது அரை மி.மீ. மாறினாலும் சிறு கம்பி அலை அலையாகத் தெரியும்.

ஆணிக்குக் கடையில் தேட வேண்டாம். ஸ்டேப்ளர் பின் இருக்கிறதே, அதில் கால் 10 மி.மீ. உள்ள 23/10 வகையை எடுங்கள். நடுப்பகுதியைக் கட்டிங் பிளையரால் வெட்டினால், வளைந்த தலையோடு இரண்டு ஆணி. தலைப்பக்கம் 1 மி.மீ. மட்டும் விட்டு நறுக்குங்கள். வீட்டுக்குள் இது போதும். கடலோரத்தில் துருப்பிடித்து உளுத்துவிடும், அங்கே துருப்பிடிக்காத எஃகுப் பின் வாங்கவும். குண்டூசி ஆகாது, அதன் உருண்டைத் தலை கம்பியைப் பிடிக்காமல் விளிம்பைத்தான் தடுக்கும்.

தேக்கில் துளையிடாமல் அடித்தால் கட்டை பிளக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டுக்கு விற்கும் 0.6 மி.மீ. துரப்பண ஊசியை வாங்குங்கள். பத்து வாங்குங்கள், ஆறு உடையும். மீட்டருக்கு 160 துளை. அரைநாள் வேலை என்று வைத்துக்கொண்டால் அவசரம் வராது.

தடம் அசையாமல் நிற்க ஒரு உபாயம்: ஐந்து கட்டைக்கு ஒன்றை, மேலே செப்புத்தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டுப் பட்டையாக வையுங்கள். அடியில் மரப்பட்டை கொடுத்து உயரத்தைச் சரி செய்து, கம்பியை அதில் ஈயத்தால் பிடித்துவிடலாம். நடுவிலுள்ள ஆணிகள் தோற்றத்துக்கு. கம்பி வழி மின்சாரம் என்றால் செப்புத்தகட்டின் நடுவே அரத்தால் கீறி இரண்டாகப் பிரிக்க மறக்க வேண்டாம், இல்லையேல் முதல் நாளே ஷார்ட்.

9. போடும் நாளும் இடைவெளியும்

மார்கழி விடியலில் 22 டிகிரியில் இருக்கும் கம்பி, மே மாத மத்தியானத்தில் மொட்டை மாடியில் 60-ஐத் தொடும். ஏறத்தாழ அந்த 40 டிகிரிக்கு, 914 மி.மீ. துண்டு ஒன்று நிக்கல் சில்வரில் 0.6, பித்தளையில் 0.7, அலுமினியத்தில் 0.85 மி.மீ. நீளும். கனத்த கம்பி அந்த அழுத்தத்தை ஓரளவு தாங்கும். சிறு கம்பி தாங்காமல் பாம்பு போல நெளிந்துவிடும்.

ஏ.டி.எம். அட்டை ஒன்றின் தடிமன் 0.76 மி.மீ. தை மாதக் காலையில் போடுகிறீர்களென்றால் ஒவ்வொரு இணைப்பிலும் பழைய அட்டை ஒன்றைச் செருகி இடைவெளி விடுங்கள். சித்திரை மத்தியானத்தில் போட்டால் கம்பிகள் தொட்டுக்கொண்டிருக்கலாம். இணைப்புத் தகட்டை இருபுறமும் ஈயம் வைத்து அடைக்காதீர்கள். மின்தொடர்பு வேண்டுமென்றால் தளர்ந்த சிறு ஒயரால் இரண்டு கம்பியையும் இணையுங்கள்.

வளைவை விரலாலேயே வளைக்கலாம். சிறு கம்பியின் பெரிய சௌகரியம் இது. கோட் 250-க்கு வளைக்கும் கருவி வேண்டும். இரண்டு சக்கரத் தொகுதி (போகி) உள்ள ஷே 600 மி.மீ. ஆரத்தையும் சமாளிக்கும், ஆனால் நீளமான மரக்கட்டை ஏற்றிய வண்டிகளுக்கு 900-க்குக் கீழே போக வேண்டாம். வளைவில் தடத்தை 45.5 மி.மீ.க்கு விரித்துக் கொடுங்கள். இரண்டு பக்கக் கம்பியின் இணைப்புகளும் எதிரெதிரே வரக்கூடாது, குறிப்பாக வளைவில். சிறு கம்பி அங்கே முறிந்த முழங்கை போல நிற்கும்.

வெளி வேலைக்குப் பொங்கலிலிருந்து ஆனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் அடிப்பலகை போடக்கூட இறங்காதீர்கள், மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். கம்பிக்கு ஆர்டரை ஆடி, ஆவணியில் போட்டால் மழைக்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து கட்டை வெட்டி, துளையிட்டு, மீட்டர் மீட்டராகத் தடத்தைக் கட்டி வைக்கலாம். தை பிறந்ததும் வெளியே எடுத்துப் போய்ப் பொருத்துவதுதான் பாக்கி.

10. கிளை பிரியும் இடம்

சிறு கம்பியில் வழக்கமான மாற்றுப்பாதைக்கு முனையைக் கத்தி போல அராவ வேண்டும். கோட் 148-இல் பாதி முனைகள் அராவும்போதே வளைந்துவிடும். காட்டு ரயில்களில் மொட்டை மாற்றுப்பாதை உண்டு: கூர்முனையே கிடையாது, முழுக் கம்பியின் நுனியே பக்கவாட்டில் நகர்ந்து இரண்டு பாதைகளில் ஒன்றைத் தொடும். கட்டவும் எளிது, பார்வைக்கும் பொருத்தம். நகரும் கம்பிக்குக் கடைசி 200 மி.மீ. வரை ஆணி அடிக்காமல் விடுங்கள். நுனிகள் இரண்டும் விலகாமல் ஒரு செப்புத்தகட்டுக் கட்டையால் சேர்த்துவிடுங்கள். வெயிலில் இந்த நுனி நீண்டு எதிர்க் கம்பியை முட்டும் என்பதால் இங்கே மட்டும் ஏ.டி.எம். அட்டை இரண்டு தடிமன் விடுவது நல்லது. சக்கரம் அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது ஒரு சின்னத் தட்டல் கேட்கும், அவ்வளவுதான்.

குறுக்குச் சந்தியில் விளிம்பு போகும் பள்ளத்தின் ஆழத்தையும், இரண்டாம் படியில் எழுதி வைத்த அதே விளிம்புப் பட்டியலை எடுத்து, மிக ஆழமானதற்கு மேலே கால் மி.மீ. சேர்த்து வையுங்கள். முதல் ஓட்டத்துக்கு எஞ்சினை எடுக்காதீர்கள். காலி மரவண்டியைக் கையால் தள்ளுங்கள். பிறகு இரண்டு கனமான நட்டு போல்ட்டை ஏற்றித் தள்ளுங்கள். எங்கே டக் என்கிறதோ அந்த ஆணியைச் சாக்பீஸால் குறித்து, தட்டி இறக்கிவிட்டு மறுபடி தள்ளுங்கள்.